எடை இறங்குவது நின்றுவிட்டால்: உடல்பருமன் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான தேக்கத்தைக் கையாளும் வழிகள்

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் எடை இறங்காமல் நின்றுவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேஷியா போன்ற இடங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. அந்த நீரிழிவுக்காகவே இச்சிகிச்சைக்குச் சம்மதித்தவர்கள் பலர். காப்பீட்டுத் திட்டம் கொடுத்தது போக மீதியைச் சேமிப்பிலிருந்தும் கடன் வாங்கியும் கட்டியவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் இரண்டு வாரம் தொடர்ந்து எடைக் கருவியில் ஒரே எண்ணைக் கண்டால் மனம் உடைவது இயல்பு. அந்த வேதனையில் முதலில் தோன்றும் எண்ணம், இன்னும் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்பதுதான். பெரும்பாலான சமயங்களில் அதுவே தவறான வழியாக அமைந்துவிடுகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தேக்கம் என்று எல்லோரும் ஒரே பெயரால் சொன்னாலும், மூன்றாம் வாரத்தில் வருவது வேறு, ஆறேழு மாதத்தில் வருவது வேறு, ஒன்றரை ஆண்டு கழித்து வருவது முற்றிலும் வேறு. ஒவ்வொன்றுக்கும் காரணமும் செய்ய வேண்டியதும் மாறுபடுகின்றன. ஆகவே, அறுவைச் சிகிச்சை நடந்து எத்தனை வாரம் ஆயிற்று, எடை மாறாமல் எத்தனை வாரம் ஆயிற்று என்ற இரண்டையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு வாரங்களுக்குக் குறைவாக நின்றிருந்தால், அதைத் தேக்கம் என்று சொல்லிக் கவலைப்படுவதற்கு இன்னும் காலம் வரவில்லை என்பது என் கருத்து.

மூன்றாம் வாரத்தில் நிற்பது

நம் உடல் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அதன் அளவு அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய திரவ உணவுக் காலத்திலும் அதற்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களிலும் உணவு மிகவும் குறைந்துவிடுவதால், உடல் இந்தச் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கிறது. அதனுடன் நீரும் வெளியேறுகிறது. முதல் நாட்களில் கிலோ கிலோவாக இறங்கிய எடையில் கணிசமான பங்கு இந்த நீர்தான். பிறகு மசித்த உணவும் மென்மையான உணவும் உள்ளே செல்லத் தொடங்கியதும், உடல் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதியை மீண்டும் நிரப்பி நீரையும் பிடித்துக்கொள்கிறது. அந்த நாட்களிலும் கொழுப்பு கரைந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் கரைந்த கொழுப்பின் எடையைத் திரும்பி வந்த நீர் ஈடுகட்டிவிடுவதால், கருவி அதைக் காட்டுவதில்லை. ஒன்று முதல் மூன்று வாரங்களில் இது தானாகவே விலகிவிடும்.

இந்தக் கட்டத்தில் எதையும் மாற்றாமல் இருப்பதே செய்ய வேண்டிய வேலை. மருத்துவமனை கொடுத்த உணவு வரிசையில் நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்களோ அதிலேயே இருங்கள். எடை நின்றுவிட்டதே என்று பழைய திரவ உணவுக்குத் திரும்புவதும் கூடாது. சலிப்பினால் கெட்டியான உணவுக்கு முன்கூட்டியே தாவுவதும் கூடாது, ஏனெனில் தையலிட்ட இரைப்பை இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் குறைந்தது ஒன்றரை லிட்டர் நீரைச் சிறு மிடறுகளாகக் குடித்து முடிப்பதே இந்த வாரங்களில் பெரிய வேலை. வலி மாத்திரையும் குறைந்த உணவும் சேர்ந்து மலச்சிக்கலை உண்டாக்குவது வழக்கம் என்பதால், அதற்குரிய மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதும் குறையாத வேகமான நாடித்துடிப்பு, மூச்சு வாங்குதல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நீரைக்கூடத் தங்கவிடாத வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், எடையைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பல நாட்கள் தொடரும் வாந்தி உடலில் தயமின் என்ற பி1 வைட்டமினை வற்றச் செய்துவிடும். அதன் விளைவாகப் பார்வை இரட்டையாகத் தெரிவதும், நடை தள்ளாடுவதும், குழப்பமாகப் பேசுவதும் மூளைக்கு ஆபத்து நேர்ந்திருப்பதன் அறிகுறிகள். வீட்டில் இருப்பவர்களும் இவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மாதங்கள் கடந்தபின் நிற்பது

நான்காம் மாதத்திலிருந்து ஓராண்டு வரையில் வரும் தேக்கத்திற்கு முதற்காரணம், உங்கள் உடல் சிறியதாகிவிட்டது என்பதே. ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலைக் கணக்கிட உணவியல் நிபுணர்கள் பரவலாகப் பயன்படுத்தும் மிஃப்ளின் சூத்திரத்தில், ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்குப் பத்து கலோரி சேர்க்கப்படுகிறது. 130 கிலோவிலிருந்து 95 கிலோவுக்கு வந்த ஒருவரின் உடல், சும்மா இருக்கும்போதே முன்பைவிட 350 கலோரி குறைவாகச் செலவழிக்கிறது என்று இதற்குப் பொருள். இதற்கு மேலும், பட்டினி வந்துவிட்டதோ என்று எச்சரிக்கையடையும் உடல் தன் செலவை இன்னும் சற்றுக் குறைத்துக்கொள்கிறது. தசையும் கரைந்திருந்தால் செலவு மேலும் குறையும். அதே சமயம், ஆரம்ப மாதங்களில் இரண்டு கரண்டிக்கே நிறைந்த வயிறு இப்போது அரைக் கோப்பை, முக்கால் கோப்பை வரை ஏற்றுக்கொள்கிறது. செலவும் வரவும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது எடை நிற்கிறது.

இதை உணர்ந்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை, ஏழு நாட்களுக்கு உண்பதையும் குடிப்பதையும் ஒன்று விடாமல் எழுதுவது. நேரத்தையும் எழுத வேண்டும். தேநீரில் இட்ட சர்க்கரை, சமைக்கும்போது வாயில் போட்ட வடைத் துண்டு, பேரக்குழந்தை மிச்சம் வைத்த பிஸ்கட் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இது குற்றம் கண்டுபிடிப்பதற்கான வேலையன்று. இந்த ஏடு இல்லாமல் உணவியல் நிபுணரால் ஊகம்தான் செய்ய முடியும், ஏடு கையில் இருந்தால் பெரும்பாலும் காரணம் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

அப்படி வெளிப்படுவனவற்றில் தலையாயது, தொண்டையில் எளிதாக வழுக்கி இறங்கும் உணவுதான். ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீக்கப்படுகிறது. இரைப்பை பைபாஸில், குடலோடு நேராக இணைக்கப்பட்ட, சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையே மிஞ்சுகிறது. கெட்டியான கோழிக்கறியோ மீனோ அந்தச் சிறிய இடத்தில் நின்று நிதானமாக இறங்குவதால் பசி அடங்குகிறது. ஆனால் சிப்ஸ், பிஸ்கட், தேநீரில் நனைத்த ரஸ்க், ஐஸ்கிரீம், சாக்லேட் ஆகியவை கரைந்து உடனே இறங்கிவிடுவதால், எவ்வளவு உண்டாலும் நிறைந்த உணர்வு வருவதில்லை. கோழிக்கறி உண்டால் நெஞ்சில் அடைக்கிறது, ரஸ்க் உண்டால் சுகமாக இருக்கிறது என்று சொல்லிக் கறியைக் கைவிட்டவர்களின் எடை நிற்பதற்கு இதுவே காரணம். அடைப்பது கறியின் குற்றமாக இருப்பதில்லை. சிறு துண்டாக வெட்டாததும், நன்றாக மெல்லாததும், குழம்பு இல்லாமல் உலர்ந்ததாக உண்டதும்தான் அடைப்பதற்குக் காரணம்.

உணவோடு நீர் குடிப்பதும் அதே விளைவைத் தரும். நீர் உணவைக் கழுவிக் கீழே தள்ளிவிடுவதால் வயிறு சீக்கிரம் காலியாகிறது. ஆகவே சாப்பிடும்போது குடிக்காமல் இருந்து, சாப்பிட்டு முடித்து அரைமணி நேரம் கழித்துக் குடிக்கும் பழக்கத்தை மீண்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்திற்குள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனிப்புக் கலந்த பானங்களை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. கரும்பு வயல்களுக்கு நடுவே வளர்ந்த நம் வீடுகளில் தேநீர் என்றாலே இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றாகிவிட்டது. ஒரு தேக்கரண்டி நான்கு கிராம். நாளைக்கு நான்கு கோப்பை குடிப்பவருக்கு அதிலேயே 32 கிராம் சர்க்கரையும் 128 கலோரியும் சேர்கின்றன. மொத்தமாக நாளைக்கு ஆயிரம் கலோரியைச் சுற்றி உண்ணும் ஒருவருக்கு அது எட்டில் ஒரு பங்கு. சுண்டிய பால் இட்டால் இன்னும் கூடும். குளிர்பானத்தையும் பழச்சாற்றையும் முழுவதுமாக நிறுத்திவிடலாம், பழத்தைப் பழமாகவே உண்ணலாம். பால் சேர்க்காத ரூய்போஸ் தேநீர் நம் நாட்டிலேயே விளைகிறது, அதில் காஃபீனும் இல்லை, சர்க்கரை இல்லாமலே குடிக்க இதமாக இருக்கிறது. மதுவைப் பொறுத்தவரை, இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அது வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது. முன்பு பழக்கம் இல்லாதவர்களும் அடிமையாகும் அபாயம் கூடியிருக்கிறது என்பதால், எடைக்காக மட்டுமன்றி உயிருக்காகவும் அதிலிருந்து விலகி நிற்பது நல்லது.

புரதம் முதலில்

பெரும்பாலான சிகிச்சை மையங்கள் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்கின்றன. எடை நிற்கும்போது அதைக் குறைக்கவே கூடாது. புரதம் குறைந்தால் உடல் தசையை எடுத்துத் தின்னும், தசை குறைந்தால் ஆற்றல் செலவு குறையும், தேக்கம் இன்னும் இறுகும். விலையுயர்ந்த புரத மாவு இல்லாமலே நம் சமையலறையில் இந்த அளவை எட்ட முடியும். காலையில் இரண்டு முட்டையில் 12 கிராம், முற்பகலில் ஒரு கோப்பை அமாசி என்னும் புளித்த பாலில் 8 கிராம், மதியம் எலும்போடு மசித்த நூறு கிராம் டின் மீன் சட்னியில் 18 கிராம், மாலையில் ஒரு கோப்பை பாலில் 8 கிராம், இரவில் உள்ளங்கையில் பாதி அளவு கோழிக்கறியில் 16 கிராம் என்று வைத்தால் 62 ஆகிவிடுகிறது. பில்டாங் என்னும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் புரதம் மிகுதிதான், ஆனால் உப்பும் மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தினமும் எடுக்க வேண்டாம். உண்ட மறுநாள் உப்பினால் நீர் தேங்கி எடை கூடியதாகத் தெரிந்தால் கலங்கவும் வேண்டாம்.

தட்டில் புரதத்தை முதலில் உண்டு, பிறகு காய்கறி, இடமிருந்தால் மட்டும் சோறோ ரொட்டியோ என்ற வரிசையை மாற்றாதீர்கள். நம்மிடம் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. சோற்றை மலையாகக் குவித்து அதன்மேல் பருப்பை ஊற்றுவதே நாம் கற்ற முறை. பருப்பைத் தண்ணீராக வைக்காமல் கரண்டியில் நிற்கும்படி கெட்டியாகக் கடைந்து, சோறில்லாமல் அதையே ஒரு கிண்ணம் உண்டு பாருங்கள். சர்க்கரை பீன்ஸ் என்னும் உலர்ந்த பயற்றுக் கறிக்கும் இதுவே முறை. பிரியாணியில் இறைச்சியையும் பருப்பையும் தேடி எடுத்து உண்டுவிட்டு, சோற்றில் இரண்டு கரண்டியோடு நிறுத்தலாம். ரொட்டியைக் குடைந்து கறியை நிரப்பித் தரும் பன்னி சௌவில் உள்ளே இருக்கும் கறியை மட்டும் எடுத்துக்கொண்டு ரொட்டியை விட்டுவிட வேண்டும். கால் ரொட்டி என்பது இந்தச் சிறிய வயிற்றுக்கு அளவை மீறியது. மேலும் ரொட்டி உள்ளே ஊறி உப்பிப் பலருக்கு வலியைத் தருகிறது.

விரதமும் விசேஷமும்

எந்த மருத்துவமனைத் துண்டறிக்கையிலும் இல்லாத பகுதி இது. நம் ஆண்டு ஆடியில் கூழ், புரட்டாசியில் சைவம், ஐப்பசியில் தீபாவளிப் பலகாரம், தையில் காவடி என்று ஓடுகிறது. எடைத் தேக்கம் எந்த மாதத்தில் வந்தது என்று பார்த்தாலே பலருக்குக் காரணம் தெரிந்துவிடும்.

புரட்டாசி மாதம் முழுவதும் இறைச்சியையும் மீனையும் முட்டையையும் விடுவது நம் வீடுகளில் உறுதியான வழக்கம், அதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. ஆனால் மீனுக்குப் பதிலாக உருளைக்கிழங்குக் கறியும் ரொட்டியும் வந்து அமர்ந்தால் புரதம் பாதியாகிவிடும். முப்பது கிராம் உலர்ந்த சோயா மின்ஸை ஊறவைத்துச் சமைத்தால் 15 கிராம் புரதம் கிடைக்கிறது. அறுபது கிராம் பன்னீரில் 11 கிராம், கெட்டிப் பருப்பு ஒரு சிறு கிண்ணத்தில் 8 கிராம், சர்க்கரை பீன்ஸ் சிறு கிண்ணத்தில் 8 கிராம், அமாசியும் பாலும் ஒவ்வொரு கோப்பையாக 16 கிராம் என்று கூட்டினால் 58 வருகிறது. ஆகவே புரட்டாசி பிறக்கும் முன்பே சோயா, பன்னீர், பருப்பு வகைகளை வாங்கி வைத்துக்கொள்வதுதான் ஆயத்தம். சனிக்கிழமைப் படையலுக்குச் செய்யும் வடையும் சர்க்கரைப் பொங்கலும் பிரசாதமாக ஒரு விள்ளல் போதும். மீதியை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அன்றே கொடுத்தனுப்பிவிட வேண்டும். படையல் அடுத்த மூன்று நாட்களுக்குக் குளிர்பெட்டியில் இருப்பதுதான் சிக்கல்.

ஆடிக் கூழைப் பொறுத்தவரை, அது திரவமாக இறங்கும் மாவுச்சத்து. அம்மனுக்குப் படைத்ததை மறுக்க வேண்டியதில்லை, ஒரு சிறு குவளையோடு நிறுத்துங்கள். பைபாஸ் செய்தவர்கள் அதில் சர்க்கரை கலந்து குடித்தால், அரைமணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரும்.

காவடி விரதம் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன். அறுவைச் சிகிச்சை நடந்த முதல் ஆண்டில், பத்து நாள் பாலும் பழமும் மட்டும் என்ற விரதத்தையும், வெயிலில் நீரின்றி நெடுந்தொலைவு காவடி சுமந்து நடப்பதையும் மருத்துவரிடம் கேட்காமல் ஏற்கக் கூடாது. நம் நாட்டில் தைப்பூசம் கொடும் கோடையில் வருகிறது, சிறிய இரைப்பையால் ஒரேயடியாக நீரைக் குடித்து இழப்பை ஈடுகட்ட முடியாது. நேர்த்திக்கடனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம், அல்லது பால்குடத்தோடு சிறிது தூரம் நடக்கலாம். கோவில் குருக்களிடம் உடல்நிலையைச் சொல்லிக் கேட்டால் அதற்கு வழி சொல்வார்.

விருந்துகளில் உணவைவிட உறவினரின் பேச்சே கடினமானது. “என்ன கண்ணு, குருவி மாதிரி கொறிக்கிறாய், இன்னும் ஒரு ரொட்டி வைக்கட்டுமா?” என்று பெரியம்மா கேட்பதில் அன்புதான் இருக்கிறது. “பெரியம்மா, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கிறார், உங்கள் மீன் குழம்பில் ஒரு துண்டு மட்டும் போடுங்கள்” என்று எதை வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டால், அவருக்கும் பரிமாறிய நிறைவு இருக்கும். “இவ்வளவு செலவு செய்தும் எடை நின்றுவிட்டதாமே” என்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

தசையைக் காப்பது

நடைப்பயிற்சியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். டர்பன் கடற்கரை நடைபாதையில் அதிகாலையில் நடப்பவர்களில் நம்மவர்கள் ஏராளம். வாரத்திற்கு 150 நிமிட நடை உடல்நலத்துக்குப் போதுமானது, எடையைக் காக்க அதை 300 நிமிடத்தை நோக்கி உயர்த்த வேண்டியிருக்கும். ஆனால் தேக்கத்தின்போது பெரும்பாலோர் விட்டுவிடும் பயிற்சி, பாரத்தை எதிர்த்துத் தசையை வேலை வாங்குவது. இது நடையால் ஈடாகாது. வேகமாக இறங்கும் எடையில் கொழுப்போடு தசையும் போகிறது என்பதால், வாரம் இரண்டு அல்லது மூன்று நாட்கள் இதைச் செய்தே ஆக வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கைகளை ஊன்றி உடலைத் தள்ளுவது, நீர் நிறைத்த இரண்டு லிட்டர் புட்டிகளைத் தோளுக்கு மேல் உயர்த்துவது, இழுவைப் பட்டையைக் காலால் மிதித்துக் கைகளால் இழுப்பது ஆகிய நான்கும் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடியவை. விடியுமுன்னும் இருட்டியபின்னும் தெருவில் தனியாக நடக்க அஞ்சும் பெண்களுக்கு இதுவே நல்ல வழி. பத்துப் பத்து முறையாகத் தொடங்கி, எளிதானதும் எண்ணிக்கையையோ பாரத்தையோ கூட்டுங்கள். வயிற்றுச் சுவர் ஆறும் வரை, அதாவது பொதுவாக முதல் ஆறு வாரங்களுக்கு, அறுவை மருத்துவர் அனுமதிக்காமல் பாரம் தூக்க வேண்டாம்.

உறக்கமும் இதில் சேரும். இரவுப் பணிக்குச் செல்பவர்களுக்குப் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுவதும், விடியற்காலையில் இனிப்புக்கு மனம் அலைவதும் அவர்களின் மனவுறுதிக் குறைவினால் வருவன அல்ல.

எடைக் கருவியோடு எப்படி நடந்துகொள்வது

தினமும் ஏறிப் பார்ப்பது நன்மையைவிடத் தீமையே செய்கிறது என்று கருதுகிறேன். வாரத்தில் ஒரே நாள், காலையில் கழிப்பறைக்குச் சென்று வந்தபின், உண்பதற்கு முன், ஒரே கருவியில் பார்த்து எழுதுங்கள். ஊறுகாய், மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய பயிற்சி ஆகிய ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோ வரை நீரையோ எடையையோ கூட்டிக் காட்டலாம். மாதத்திற்கு ஒருமுறை தொப்புள் உயரத்தில் இடுப்பைச் சுற்றி நாடாவால் அளந்து, அந்த எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். எடை நின்றிருக்கும்போது இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், அது தேக்கமே இல்லை. காலைச் சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், குறைக்கப்பட்ட மாத்திரைகள் ஆகியவையும் அதே ஏட்டில் இருக்கட்டும். அறுவைச் சிகிச்சை எதற்காகச் செய்துகொண்டோமோ, அதன் கணக்கு இவற்றில்தான் இருக்கிறது.

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு

இந்தக் கட்டத்தில் நிற்பது பெரும்பாலும் உடல் வந்து சேர்ந்த இடம். ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எடை தன் தாழ்ந்த புள்ளியை அடைகிறது. மொத்த உடல் எடையில் ஸ்லீவில் சுமார் 25 சதவீதமும் பைபாஸில் சுமார் 30 சதவீதமும் குறைவது வழக்கமான பலன். 1987இல் சுவீடனில் தொடங்கி நோயாளிகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்விலும், எடை முதல் ஓரிரு ஆண்டுகளில் மிகக் குறைந்து, பிறகு சற்று ஏறியே நிலைபெற்றது. பைபாஸ் செய்தவர்கள் பத்தாம் ஆண்டில் தொடக்க எடையைவிட 25 சதவீதம் குறைவாக இருந்தார்கள். ஆகவே 120 கிலோவிலிருந்து 86க்கு வந்து நிற்பவர், 60 கிலோவை எட்டவில்லை என்று தன்னை நொந்துகொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்குச் சிகிச்சை முழுமையாக வேலை செய்திருக்கிறது, இனி அவர் வேலை அந்த 86ஐக் காப்பது.

எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இறங்கியிருந்தாலோ, இறங்கிய எடையில் கணிசமான பகுதி திரும்ப ஏறினாலோ, காரணத்தைத் தேட வேண்டும். உணவு ஏட்டுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது மருந்துப் பெட்டி. இன்சுலின், கிளிக்லசைடு, கிளிமெபிரைடு ஆகியவை எடையைக் கூட்டும். அளவைக் குறைக்காமல் பழையபடியே எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து, அதைச் சரிசெய்ய இனிப்பு உண்ண வேண்டியும் வரும். கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், மனநல மருந்தான ஓலன்சபின், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதித் தந்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். தைராய்டு சுரப்பைப் பரிசோதிப்பதும், இரைப்பைப் பையோ இணைப்போ விரிந்திருக்கிறதா என்று உள்நோக்கிக் கருவியால் பார்ப்பதும் அடுத்தவை.

எல்லாம் சரியாக இருந்தும் எடை ஏறினால், லிராகுளுடைடு, செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற ஊசி மருந்துகளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள், சிலருக்கு மறு அறுவைச் சிகிச்சையும் உதவும். இந்த ஊசிகள் மருத்துவர் சீட்டோடு மட்டுமே பெற வேண்டியவை. அழகு நிலையத்திலும் கைபேசிக் குழுக்களிலும் மலிவாகக் கிடைக்கிறது என்று யாரேனும் சொன்னால் வாங்காதீர்கள். போலி மருந்துகள் பற்றி நம் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

எடை நின்றாலும் இறங்கினாலும், வைட்டமின்கள் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். பலவகை வைட்டமின், பி12, இரும்பு, வைட்டமின் டி, நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம் ஆகியவை அடிப்படை. இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் எடுங்கள், தைராய்டு மாத்திரையை இவ்விரண்டிலிருந்தும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். இரும்பு குறைந்தவருக்குப் படியேறவே மூச்சு வாங்கும்போது, பயிற்சி செய் என்று சொல்லிப் பயனில்லை. பைபாஸ் செய்தவர்கள் முழங்கால் வலிக்கு ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை எடுக்கக் கூடாது, புகைக்கவும் கூடாது. இரண்டுமே இணைப்பில் புண்ணை உண்டாக்கும், கறுத்த மலம் அதன் அடையாளம். ஆண்டுகள் கழித்தும் திடீரென்று வரும் கடும் வயிற்றுவலியை வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிராமல், உடனே அவசரப் பிரிவுக்குச் சென்று, பைபாஸ் செய்திருக்கிறேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், குடல் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம்.

மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது ஏழு நாள் உணவு ஏடு, வாராந்தர எடையும் மாதாந்தர இடுப்பளவும் எழுதிய தாள், வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளின் உறைகள், கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முதல் ஆண்டில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும் அதன்பின் ஆண்டுதோறும் இரத்தம் பார்க்க வேண்டும். அறுவை செய்த மையத்திற்கு மீண்டும் செல்ல வசதியில்லாதவர்கள், எந்த வகைச் சிகிச்சை, எந்தத் தேதி என்று எழுதிய சீட்டையும் சேர்த்து, தங்கள் குடும்ப மருத்துவரிடமோ பகுதி மருத்துவமனையிலோ காட்டி அந்தப் பரிசோதனைகளைச் செய்து தரும்படி கேட்கலாம். மனச்சோர்வினால் இரவில் எழுந்து உண்பவர்கள் அதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள், வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவர் அதைப் படித்துக்கொள்வார்.